தைராய்டு மாத்திரையை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதாமே?

2023 ஜூலை 9 – கேள்வி

அம்மாவுக்கு 48 வயது. ஆறு மாதமாகச் சோர்வு, முக வீக்கம், மலச்சிக்கல். போன வாரம் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் டிஎஸ்எச் 34 என்று வந்திருக்கிறது. டாக்டர் தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரியம்மா வந்து, "ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாது. உடம்பு அதுக்குப் பழகிடும், அப்புறம் சுரப்பி வேலையே செய்யாது" என்று சொல்லி டப்பாவை எடுத்து பீரோவில் வைத்துவிட்டார். அம்மாவும் பயந்துவிட்டார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2023 ஜூலை 9, இரவு

தம்பி, டப்பாவை பீரோவிலிருந்து எடுங்கள்.

நான் 14 வருடமாக இந்த மாத்திரை போடுகிறேன். உங்கள் பெரியம்மா சொன்ன அதே வார்த்தைகளை என் மதினி எனக்குச் சொன்னாள், நான் நம்பினேன், நடுவில் நிறுத்தியும் பார்த்தேன். அதை நாளை எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று. இது தூக்க மாத்திரை மாதிரி உடம்பைப் பழக்கிவிடும் மருந்து கிடையாது. கழுத்தில் இருக்கிற சுரப்பி எதைச் சுரக்க வேண்டுமோ அதையேதான் மாத்திரையாக்கி வைத்திருக்கிறார்கள். தைராக்சின் என்று பெயர். சுரப்பி கொடுக்கிற தைராக்சினுக்கும் மாத்திரையில் இருப்பதற்கும் மூலக்கூறில் வேறுபாடே இல்லை. வீட்டுக் கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். லாரி வந்ததால்தான் கிணறு வற்றியது என்று யாரும் சொல்வதில்லையே.

2023 ஜூலை 10, காலை

2009. எனக்கு 38 வயது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் போனது குரல். கரகரவென்று, அடிக்குரலாக மாறியது. பின் பெஞ்சுப் பிள்ளைகள் "டீச்சர், கேக்கல" என்பார்கள். தொண்டைப் புண் என்று நினைத்து உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.

அப்புறம் குளிர். தூத்துக்குடியில், சித்திரை மாதத்தில், மின்விசிறியைப் போட்டால் எனக்கு நடுக்கம். வீட்டில் எல்லோரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு இருப்பார்கள், நான் போர்வையைத் தேடுவேன். குதிகால் வெடித்தது. புருவத்தின் வெளி ஓரத்து முடி உதிர்ந்தது. மோதிரம் கழற்ற முடியாமல் போனது. கரும்பலகையில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கை சோர்ந்துவிடும். எனக்கே தெரிந்தது, யோசிப்பதும் மெதுவாகிவிட்டது என்று. ஒரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட வாயைத் திறப்பேன், பெயர் வர நேரமாகும்.

வீட்டில் சோம்பேறித்தனம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த நோயில் எனக்கு இன்னமும் வலிக்கிற இடம் அதுதான். காய்ச்சல் என்றால் உடம்பு சூடாகித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இது மாதக் கணக்கில் மெல்ல இறங்குகிறது. சுரப்பி தன் கிடங்கில் இரண்டு, மூன்று மாதத்துக்கான ஹார்மோனைச் சேர்த்து வைத்திருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்வதால் எந்த நாளில் ஆரம்பித்தது என்றே சொல்ல முடியாது. அதனால் நோய் என்று தோன்றாது, நம் குணமே மாறிவிட்டது என்று தோன்றும். பெண்களிடம் எல்லோரும் அதை உடனே நம்பியும் விடுகிறார்கள்.

ஒரு பல் டாக்டர்தான் என் நாக்கின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருப்பதைப் பார்த்து, "தைராய்டு பார்த்தீங்களா?" என்று கேட்டார். டிஎஸ்எச் 86.

2023 ஜூலை 10, மதியம்

டிஎஸ்எச் என்றால் என்ன என்று உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள். தெரிந்தால் பாதி பயம் போய்விடும். தைராய்டு கொடுக்கும் ஹார்மோன்தான் டிஎஸ்எச் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 34 என்றால் தைராய்டு ரொம்ப அதிகம் என்றும் நினைத்துவிடுகிறார்கள். நேர் எதிர்.

மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்கு நேர் பின்னால், எலும்புக் குழி ஒன்றில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. டிஎஸ்எச் அது அனுப்புவது. கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து "சுர" என்று சொல்கிற குரல். அந்தக் குரல் கேட்டு தைராய்டு கொடுக்கிற பதில் டி4 (தைராக்சின்தான் இது), கொஞ்சம் டி3. பதில் இரத்தம் வழியாகப் பிட்யூட்டரிக்குப் போய்ச் சேரும். போதுமான அளவு வந்தால் குரல் தணியும்.

மாடியில் விளையாடும் பிள்ளையை அம்மா கீழிருந்து கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். "என்னம்மா" என்று பதில் வந்தால் அம்மா சும்மா இருந்துவிடுவாள். பதில் வராவிட்டால் குரலை உயர்த்துவாள், இன்னும் வராவிட்டால் தெருவுக்கே கேட்கும். 34 என்பது அம்மாவின் கத்தல். பிள்ளை பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்று இன்னொரு பகுதி, அது பிட்யூட்டரிக்குச் சொல்லும். வீட்டில் பாட்டி இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். உடம்பில் அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி), பெண்களின் முட்டைப்பை, ஆண்களின் விரை எல்லாமே இந்த மாதிரிப் பாட்டி, அம்மா, பிள்ளை வரிசையில்தான் பேசிக்கொள்கின்றன. கணையம் மட்டும் வேறு மாதிரி. அது சர்க்கரையைத் தானே நேரடியாகப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காது.

ஆக, தைராய்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க டிஎஸ்எச் ஒன்றே போதும்.

(பிந்திய சேர்க்கை: கடைசி வரி தவறு. செப்டம்பர் 17 குறிப்பைப் படியுங்கள். அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் இந்தத் தவற்றைப் பலரும் செய்கிறோம்.)

2023 ஜூலை 11

"34 என்பது இருக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு, அப்படியென்றால் நோய் எட்டு மடங்கா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரைக்கும் ஏறக்கூடும். பிட்யூட்டரி அவ்வளவு நுணுக்கமானது. அதனால் 86 வந்த நான் 34 வந்தவரைவிட இரண்டரை மடங்கு மோசம் என்று ஆகாது. ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 என்று இன்னொரு வரி இருந்தால் அதையும் பாருங்கள்.

டிஎஸ்எச் 5, 6, 7 என்று வந்து, டி4 சரியாக இருப்பவர்கள் வேறு கதை. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, சிலருக்குத் தானாகவே இறங்கிவிடும், வயதானால் இந்த எண் கொஞ்சம் ஏறுவதும் இயல்பு. அங்கே இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே நல்ல வைத்தியம். உங்கள் அம்மாவின் 34 அந்தக் கணக்கில் வராது.

2023 ஜூலை 13

நிறுத்திப் பார்த்த கதை.

2010. எட்டு மாதம் மாத்திரை போட்டு நன்றாகிவிட்டேன். குரல் திரும்பியது, மோதிரம் கழன்றது. மதினி வந்தாள். "நல்லாத்தான இருக்க, இன்னும் எதுக்கு? வாழ்நாள் முழுக்க அடிமையாகப் போறியா?" நிறுத்தினேன்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வாரமும் ஆகவில்லை. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சுரப்பி பிழைத்துக்கொண்டது என்று கோயிலுக்குப் போய் விளக்கேற்றினேன்.

பிறகுதான் கணக்குப் புரிந்தது. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். இரண்டு வாரம் கழித்தும் கால் பங்கு மிச்சம் இருக்கிறது. நான் கடந்த மாதத்து மாத்திரையின் மிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அட்ரினலின் மாதிரி ஹார்மோன் வந்த வேகத்தில் சில நிமிடத்தில் போய்விடும், நாய் துரத்தினால் நெஞ்சு அடிக்கிறதே, அது. தைராக்சின் அந்த ஜாதி இல்லை. அது செல்லுக்குள் போய், டி3 ஆக மாறி, செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. வருவதும் மெதுவாக, போவதும் மெதுவாக.

மூன்றாம் மாதம் பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நின்றபடியே கண் சொருகியது. கொழுப்பு 290. டிஎஸ்எச் மறுபடி 70-க்கு மேல். டாக்டர் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "கண்ணாடி போட்டால் எழுத்து தெரியுது. கண்ணு சரியாயிடுச்சுன்னு கழட்டி வைப்பீங்களா?"

"நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், எத்தனை வாரம் ஆயிற்று என்று கேளுங்கள்.

2023 ஜூலை 16

முந்தின ஞாயிறு எழுதியதில் ஒரு திருத்தம். கிணறு, லாரி என்று சொன்னது முழுக்கச் சரியில்லை. மாத்திரையில் போதுமான தைராக்சின் வந்தால் பிட்யூட்டரி கூப்பிடுவதைக் குறைக்கும், அதனால் மிச்சமிருக்கிற சுரப்பியும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஓய்வெடுக்கும். பெரியம்மா சொன்னதில் அந்த அளவு உண்மை உண்டு. ஆனால் அது நிரந்தரச் சேதம் கிடையாது. மாத்திரை நின்றால் சில வாரத்தில் பிட்யூட்டரி மறுபடி கூப்பிடும், சுரப்பியால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுரக்கும். பிரசவத்துக்குப் பின் சில மாதம் மட்டும் தைராய்டு கெட்டுப்போகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு டாக்டரே பிறகு மாத்திரையை நிறுத்துகிறார், சுரப்பி வேலைக்குத் திரும்பிவிடுகிறது. மாத்திரை அடிமையாக்கும் என்றால் அது நடக்காது.

எனக்கு வந்தது ஹாஷிமோட்டோ. 1912-இல் ஹாஷிமோட்டோ ஹகாரு என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களின் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது. நம் எதிர்ப்பு அணுக்களே சுரப்பிக்குள் புகுந்து அதைத் தின்னும். தின்றது பெரும்பாலும் திரும்பாது.

2023 ஜூலை 23

எப்படிப் போட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து மற்றதெல்லாம்.

காபியும் "மற்றது"தான். இதை அழுத்திச் சொல்கிறேன், எனக்கு மூன்று வருடம் போனது அதில். விடிந்ததும் மாத்திரை, கையோடு ஃபில்டர் காபி. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், ஆனால் டிஎஸ்எச் இறங்கவில்லை. மாத்திரையின் அளவு 100 மைக்ரோகிராமிலிருந்து 125 ஆனது, 125 என்பது 150 ஆனது. 2013-இல் ஊர் மாறி வேறு டாக்டரிடம் போனபோது அவர் அளவைப் பற்றியே கேட்கவில்லை. "காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்ன செய்வீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். காபியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னார்.

ஏழு வாரத்தில் டிஎஸ்எச் 0.08. கை நடுக்கம், படுத்தால் நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் மேல் எரிச்சல். அத்தனை நாள் குடலில் நிற்காமல் போன மருந்து இப்போது முழுசாக உள்ளே போயிற்று. 150 எனக்கு அதிகம். 100-க்கு இறக்கினார், இன்றுவரை அதே 100. எடைக் கணக்கில் சுரப்பி முழுக்கப் போனவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பார்கள். எனக்கு 62 கிலோ. கணக்கு அப்படியே சரியாக விழுந்தது.

காபியை விடக் கெடுதல் செய்வது இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும். அவை தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். 7 நாள் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட் 6

உப்பு பற்றி இங்கே சண்டையாகிவிட்டது. "அயோடின் உப்புதான் தைராய்டுக்கே காரணம், அந்தக் காலத்தில் கல் உப்பு சாப்பிட்டவர்களுக்கு என்ன வந்தது" என்று ஒருவர். "கடல் உப்பிலேயே அயோடின் இருக்கிறதே" என்று இன்னொருவர்.

நான் உப்பளத்து வீட்டுப் பெண். அப்பா பாத்தியில் உப்பு வாரியவர். அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்திருக்கும் இடத்தில்தான் நானும் அண்ணனும் ஓடிப் பிடித்து விளையாடினோம். வீட்டுச் சமையலுக்குச் சாக்கில் வரும் உப்புதான். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடல் தண்ணீரில் அயோடின் இருக்கிறது. லிட்டருக்கு 50, 60 மைக்ரோகிராம்தான். அந்த லிட்டரில் 35 கிராம் உப்பு. பாத்தியில் காயும்போது அயோடினில் பெரும்பகுதி உப்போடு சேர்ந்து படிவதில்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். நாம் சாப்பிடும் 10 கிராம் கல் உப்பில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நாங்கள் தப்பித்தது உப்பால் இல்லை, தினமும் சாப்பிட்ட மீனால். மலையில் இருப்பவர்களுக்கு அந்த மீன் கிடையாது. மழை, மண்ணிலிருந்த அயோடினையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு இதற்காகத்தான். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டில் அயோடின் கலந்த உப்பு, ஒன்றில் சாதா உப்பு. சில வருடத்தில் அயோடின் உப்பு போன ஊர்ப் பிள்ளைகளுக்குக் கழுத்துக் கழலை பாதிக்கு மேல் குறைந்தது. சாதா உப்பு போன ஊரில் குறையவில்லை. அதைப் பார்த்துத்தான் 1962-இல் நாடு முழுவதற்குமான கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று சட்டப்படி நம் வீட்டுக்கு வரும் உப்பில் குறைந்தது 15 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 15 பங்கு, அயோடின் இருக்க வேண்டும். 10 கிராமுக்குக் கணக்குப் போடுங்கள், 150 மைக்ரோகிராம்.

இப்போது எதிர்ப்பக்கம் நின்றும் சொல்லிவிடுகிறேன். அயோடின் கூடும் ஊர்களில் ஹாஷிமோட்டோ ஓரளவு கூடுவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை என்று கூடுதலாக எடுத்தால் சுரப்பி இன்னும் மோசமாகலாம். அது உண்மை. ஆனால் அயோடின் இல்லாமல் போனால் அடி விழுவது வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு. முதல் மூன்று மாதம் அதற்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவுடையதை வாங்கித்தான் வளரும். அப்போது குறைந்தது பிறகு திரும்ப வராது. எனக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு மாற்று எதுவும் இல்லை. இந்துப்பு வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் கர்ப்பிணிகள் இருந்தால் தயவுசெய்து இதை ஒருமுறை யோசியுங்கள்.

2023 ஆகஸ்ட் 7

முட்டைக்கோஸ், மரவள்ளிக் கிழங்கு: அயோடின் போதுமான அளவு கிடைக்கிறவர்கள் வேகவைத்துச் சாப்பிடலாம். நான் சாப்பிடுகிறேன்.

எடை: தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும். 20 கிலோவுக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

2023 ஆகஸ்ட் 27

34 இப்போது 13. தம்பி, கேட்டுச் சந்தோஷப்பட்டேன். "இன்னும் நார்மல் இல்லையே" என்று அம்மா வருத்தப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் 75 ஆக்கியதுதான் சரி. இனி ஆறிலிருந்து எட்டு வாரம் இரத்தம் எடுக்காதீர்கள். புது அளவு உடம்பில் நிலைக்கவே ஐந்து வாரம் ஆகும், பிட்யூட்டரி நம்பிக் குரலைத் தாழ்த்த அதற்கும் மேல் கொஞ்சம். இரண்டு வாரத்தில் எடுத்தால் வருவது பாதி வழியில் இருக்கும் எண்.

மலச்சிக்கல் போய்விட்டது, ஆனால் சோர்வு போகவில்லை என்கிறார் அல்லவா? எனக்கும் அதே வரிசைதான். முடி கடைசியாக வந்தது. ஆறு மாதம்.

2023 செப்டம்பர் 17

இதை எழுதத் தயங்கினேன். ஜூலை 10-ஆம் தேதி "டிஎஸ்எச் ஒன்றே போதும்" என்று எழுதியது மனதைக் குத்திக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தும் எழுதினேன். என் சொந்த அத்தைக்கு நடந்தது.

அத்தை எட்டயபுரம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். 1986-இல் மூன்றாவது பிரசவம் வீட்டில். இரத்தப்போக்கு நிற்கவில்லை, மாட்டுவண்டியில் கொண்டுபோய் எப்படியோ பிழைத்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் வரவில்லை. ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தார்கள். மாதவிலக்கும் அதோடு நின்றது. "இரத்தம் போன உடம்பு" என்று ஊரே சொன்னது, அவரும் அப்படியே இருந்துவிட்டார். வெளிறிய முகம், எப்போதும் ஒரு சால்வை, நான்கு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார்.

எனக்குத் தைராய்டு என்று தெரிந்த பிறகு நான்தான் அவரை ஒரு மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனேன். டிஎஸ்எச் 3.1. "தைராய்டு இல்லம்மா" என்றார்கள். நானும் அவருக்கு தைரியம் சொல்லி அனுப்பினேன்.

2016-இல் ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு. அத்தை மயக்கமாகி, பேச்சு குழறி, மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் சோடியம் மிகக் குறைவு. அங்கே ஓர் இளம் டாக்டர், பெண், ஃபைலைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்: "கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்களா பாட்டி?" முப்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி.

கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெரிதாகும். ஆனால் அதற்கான இரத்த ஓட்டம் அந்த அளவுக்குக் கூடாது. பிரசவத்தில் இரத்தம் ஏராளமாகப் போய் அழுத்தம் விழுந்தால் அந்தப் பட்டாணிக்குப் போகும் இரத்தம் நின்று அது கருகிவிடும். ஹரோல்டு ஷீஹன் என்பவர் 1937-இல் விவரித்தது, அவர் பெயராலேயே ஷீஹன் என்கிறார்கள். பிட்யூட்டரி போனால் பால் சுரக்கச் சொல்ல ஆள் இல்லை, முட்டைப்பைக்குச் சொல்ல ஆள் இல்லை, அட்ரீனலுக்கு இல்லை, தைராய்டுக்கும் இல்லை.

நான் சொன்ன அந்த அம்மாவையும் பிள்ளையையும் மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். கத்தல் கேட்கவில்லை என்றால் பிள்ளை பதில் சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்கே தொண்டை போயிருந்தால்? அத்தையின் 3.1 அதுதான். டி4 பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், அது அடிமட்டத்தில் இருந்தது. முகாமில் டி4 பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

அதனால் திருத்தம்: சாதாரண ஹைப்போதைராய்டுக்கு, அதாவது தைராய்டு குறைவுக்கு, டிஎஸ்எச் நல்ல வழிகாட்டி. எண் சரியாக இருந்தும் ஆள் சரியாக இல்லையென்றால் டி4-ஐயும் பாருங்கள். முக்கியமாக, பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய், அப்புறம் பாலும் வராமல் மாதவிலக்கும் திரும்பாத பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு 70 வயதே ஆனாலும், அதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

2023 செப்டம்பர் 18

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன், விடக் கூடாதது. அத்தைக்கு முதலில் தைராக்சின் கொடுக்கவில்லை. முதலில் ஹைட்ரோகார்டிசோன், அதாவது அட்ரீனல் தர வேண்டிய கார்டிசால். சில நாள் கழித்துத்தான் தைராக்சின். வரிசை மாறினால் ஆபத்து. தைராக்சின் உடம்பின் வேகத்தைக் கூட்டும், அந்த வேகத்தைத் தாங்கக் கார்டிசால் இல்லாவிட்டால் உயிருக்கே மோசம். காய்ச்சல் வந்தால் அந்த ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி அத்தை சுருக்குப் பையில் வைத்திருக்கிறார்.

இப்போது சால்வை இல்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்.

2023 அக்டோபர் 15

75 போட்டும் 12-இலேயே நிற்கிறதா? தம்பி, அளவைக் கூட்டும் முன் என்னிடம் அந்த டாக்டர் கேட்டதை அம்மாவிடம் கேளுங்கள். எழுந்ததிலிருந்து வரிசையாக என்ன செய்கிறார்?

வேறு ஒருவருக்கு: உங்கள் தங்கைக்கு டிஎஸ்எச் தாழ்வு, டி4 அதிகம், ஆனால் படபடப்போ எடைக் குறைவோ எதுவும் இல்லை என்கிறீர்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? என் மகளுக்கு இதே மாதிரி ரிப்போர்ட் வந்து வீடே கலங்கியது. பல லேப் கருவிகள் பயோட்டினை வைத்துத்தான் ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால் கருவி ஏமாந்துவிடும், டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். மாத்திரையை நிறுத்தி நான்கு நாள் கழித்து எடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது. எந்த மாத்திரை சாப்பிட்டாலும் இரத்தம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். சத்து மாத்திரைதானே என்று விட வேண்டாம்.

2023 அக்டோபர் 16

இரும்புச் சத்து மாத்திரை! தைராய்டு மாத்திரையோடு ஒரே மடக்குத் தண்ணீரில்! இரத்தச் சோகைக்கு யாரோ கொடுத்தது, இரண்டையும் சேர்த்து ஒரே டப்பாவில் வைத்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, யாரும் சொல்லவில்லை. இரும்பை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிவிட்டு, 75-ஐ அப்படியே வைத்து ஏழு வாரம் கழித்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

2023 நவம்பர் 5

திருமணமாகி ஆறு மாதமான பெண் தனியாகக் கேட்டிருந்தார், எல்லோருக்கும் உதவட்டும். மாத்திரை போடுபவர் கர்ப்பமானால் நிறுத்தக் கூடாது. கூட்ட வேண்டும். பலருக்கு நாலில் ஒரு பங்கு முதல் பாதி வரை அதிகம் தேவைப்படும், அதுவும் முதல் சில வாரத்திலேயே. நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், முதல் ஸ்கேன் வரை காத்திருக்காதீர்கள். என் அண்ணன் மகள் அப்படிச் செய்தாள். அவள் பையன் இப்போது யுகேஜி.

இன்னொன்று, மனதில் இருப்பது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டைப் பிழிந்து ஊசியாகப் போட்டார். அதுவரை இந்த நோய்க்கு வைத்தியமே இல்லை. குளிரில் சுருங்கி, வீங்கி, மந்தமாகிச் சாக வேண்டியதுதான். அந்தப் பெண் எழுந்து நடந்தார். பிறகு வாய்வழியாகவே கொடுத்து, 28 வருடம், 74 வயது வரை வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. ஹார்மோன் என்ற சொல்கூட அப்போது கிடையாது, அது 1905-இல்தான் வந்தது.

நான் தினமும் காலை ஒரு கடுகளவு வெள்ளை மாத்திரையை விழுங்கும்போது அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். அவரிடம் யாராவது "வாழ்நாள் முழுக்கவா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

2023 டிசம்பர் 10

3.4! அதே 75-இல்!

அம்மா மார்கழிக்குக் கோலப் பொடி வாங்கி வைத்திருக்கிறார், பெரியம்மா தன் கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவையும் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். குடும்பத்தில் அக்கா, தங்கை என்று ஓடுகிற நோய் இது.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒன்று, அதுவும் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒன்று போதும் என்பார்கள். அம்மாவை ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள், டிஎஸ்எச் இரவில் ஏறிப் பகலில் இறங்கும். அன்று காலை மட்டும் மாத்திரையைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். காபி அதற்கும் ஒரு மணி நேரம் கழித்து.